பேட்டரியை மாட்டுனதும் கத்துற காரு: ஒயரை வெட்டாதீங்க, பட்டன் எங்கன்னு கேளுங்க



மஞ்சள் வேக வெக்கறதைப் பத்தி எழுதறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதை அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாம். இன்னைக்கு எழுதப்போறது கார் அலாரத்தைப் பத்தி. "இவனுக்கு எதுக்கு கார் பேச்சு, வெள்ளாமையைப் பத்தி எழுதுனா ஆகாதா"ன்னு சில பேரு நினைப்பீங்க. காரணம் இருக்குதுங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பேட்டரியைக் கழட்டித் திரும்ப மாட்டுனதும் கார் கத்துனா, பெரும்பாலும் அது ரிப்பேரே இல்லை. அதை நிறுத்தற வழி அந்தக் காருக்குள்ளயே இருக்குது. அந்த வழியை வாங்கறவனுக்குச் சொல்லாம காசை எண்ணி வாங்கிட்டு சாவியை மட்டும் குடுத்து அனுப்புறாங்க பாருங்க, அதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, கத்துதேன்னு ஒயரை வெட்டி விடறது.

எங்க ஊருல பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி கார் இருந்தது மூணு வீட்டுலதான். இப்ப தெருவுக்கு நாலு நிக்குது. நிக்குதுன்னு சொன்னது சும்மா இல்லைங்க, நெசமாவே நின்னுக்கிட்டுத்தான் இருக்குது. முக்கால்வாசி செகண்ட் ஹேண்டு வண்டி. கல்யாணம், கோயிலு, ஆஸ்பத்திரி, இத்தனைக்குத்தான் எடுக்கறது. மத்த நாளெல்லாம் மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல தார்ப்பாய் போர்த்திக்கிட்டு நிக்கும். டவுன்காரங்க தினமும் ஓட்டறாங்க, பேட்டரி தானா சார்ஜ் ஏறிக்கும். நம்ம வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நிறுத்தி வெச்ச காரும் கரண்டு குடிக்கும். கடிகாரம், பாட்டுப் பொட்டி, அலாரம், இதெல்லாம் ராப்பகலா முழிச்சுக்கிட்டிருக்கும். நல்ல நிலைமையில இருக்கற வண்டியே 20 மில்லி ஆம்பியர்ல இருந்து 50 வரைக்கும் இழுக்கும். 40ன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் அவர். சின்ன பெட்ரோல் காருல இருக்கறது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. மூணு வாரம் எடுக்காம விட்டா பாதிக்கு மேல காலி. பேட்டரி கொஞ்சம் பழசா இருந்தா அதுக்கு முன்னாடியே செல்ஃப் எடுக்காது. அதனால நெகடிவ் கேபிளைக் கழட்டி வெக்கறது நல்ல பழக்கம்தான். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் திரும்ப மாட்டும்போதுதான் வருது.

ஏன் கத்துதுன்னு நம்ம மோட்டார் ரூம் பாஷையில சொல்றேன். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வெச்சா, கரண்ட் போயிட்டு வந்ததும் மோட்டார் தானா ஓட ஆரம்பிக்குது இல்லீங்களா? அந்த மாதிரிதான் இதுவும். திருடன் முதல்ல என்ன பண்ணுவான்? பேட்டரி கேபிளைத்தான் கழட்டுவான். அதுக்குத்தான் அலாரம் செஞ்சவங்க ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்காங்க. கரண்ட் போகும்போது அலாரம் பூட்டுன நிலைமையில இருந்துச்சுன்னா, திரும்ப வந்ததும் அதே நிலைமையில முழிச்சுக்கும். சில மாடல் எப்படி இருந்தாலும் பூட்டுன நிலைமைக்குத்தான் போகும். "எவனோ என் கேபிளைக் கழட்டியிருக்கான்"னு கத்த ஆரம்பிச்சுடும். நாலு இண்டிகேட்டரும் மின்னும். இஞ்சினையும் ஸ்டார்ட் ஆக விடாது. அது தன் வேலையைத்தான் பாக்குது. நாமதான் சொந்தக்காரன்னு அதுக்கு எடுத்துச் சொல்லணும். எப்படிச் சொல்லணும்கறதைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரலை.

இப்ப விசயத்துக்கு வர்றேன்.

எனக்குப் பங்காளி முறையில தம்பி ஒருத்தன், புரட்டாசியில ஒரு பழைய காரு வாங்கினான். டவுனுல ஒரு வியாபாரி கிட்ட. பேரு வேண்டாம். வாங்கும்போது ஒரு சாவி, ஒரு ரிமோட்டு, ஆர்.சி. புக்கு. "அலாரம் எல்லாம் போட்டிருக்குதுங்க, பத்திரமான வண்டி"ன்னு பெருமையாச் சொல்லிக் குடுத்தாங்க. வந்த நாளா அந்த வண்டி ராத்திரியில காரணமில்லாம கத்தும். நெல்லு அறுக்கற மெசின் ரோட்டுல போனா கத்தும். இடி இடிச்சா கத்தும். ஒண்ணுமே இல்லாம நடுச்சாமத்துலயும் கத்தும். தம்பி ஒரு மெக்கானிக்கைக் கேட்டதுக்கு, "ராத்திரியில நெகடிவைக் கழட்டி விட்டுடுங்க, காலையில மாட்டிக்குங்க"ன்னு சொல்லிட்டாரு. பல்லு வலிச்சா சாப்பிடாதேன்னு சொல்ற வைத்தியம். அவனும் அப்படியே பண்ணிக்கிட்டிருந்தான். பகல்ல மாட்டும்போது ரெண்டு சத்தம் குடுக்கும், ரிமோட்டை அமுக்குனா நின்னுடும். அதுல அவனுக்குப் பழகிப்போச்சு.

மார்கழி மாசம் ஒரு ராத்திரி, மணி ஒண்ணரை இருக்கும். சின்னம்மாளுக்கு, அவனோட அம்மாவுக்கு, வீசிங் வந்துடுச்சு. பனி அடிச்சா அவங்களுக்கு வரும், ஆனா அன்னைக்கு வந்தது வேற மாதிரி. உட்கார்ந்தாலும் மூச்சு இழுக்கலை, படுத்தாலும் முடியலை. உறிஞ்சுற மருந்து ரெண்டு தடவை குடுத்தும் கேக்கலை. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியாச்சு, ஆனா அது வந்து சேர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கற நிலைமை இல்லை. பெரியாஸ்பத்திரி 14 கிலோமீட்டர். காருதான் வாசல்ல நிக்குதேன்னு தம்பி பானெட்டைத் தொறந்து, அவன் சம்சாரம் டார்ச் அடிக்க, கேபிளை மாட்டினான்.

அவ்வளவுதான். சைரன் எடுத்துச்சு பாருங்க. ரிமோட்டை அமுக்குனான். ரிமோட்டுல இருக்கற சிவப்பு லைட்டு மின்மினி மாதிரி ஒரு தடவை மின்னிட்டு அணைஞ்சு போச்சு. செல்லு தீர்ந்திருக்குது. சாவியைப் போட்டுத் திருகினா செல்ஃப் "டக்"குனு கூட சத்தம் வரலை. எனக்குப் போன் வந்து நான் பேண்ட்டை மாட்டிக்கிட்டு ஓடறப்ப, அந்தப் பக்கம் சின்னம்மா திண்ணையில முட்டிக்கால் மேல கையை ஊனிக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்காங்க, இந்தப் பக்கம் கார் ஊரே கேக்கற மாதிரி கத்திக்கிட்டிருக்குது. "கண்ணு, அதை முதல்ல நிறுத்துடா"ன்னு கையைக் காட்டறாங்க, பேச முடியலை.

கேபிளைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, இருபத்தஞ்சு நிமிசம் போச்சு. கடைசியா நான் ரெண்டு வீடு தள்ளி இருக்கற குட்டியானைக்காரரைக் கதவைத் தட்டி எழுப்பி, அதுல முன் சீட்டுல சின்னம்மாளை உட்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனோம். ஆக்சிஜன் வெச்சு, நெபுலைசர் வெச்சு, மூணு நாள் இருந்து வீட்டுக்கு வந்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்த இருபத்தஞ்சு நிமிசத்தை என்னால மறக்க முடியலை.

இன்னொண்ணு சொல்லணும். அந்தக் குட்டியானைக்காரர் வண்டி ஓட்டிக்கிட்டே சொன்னாரு: "அண்ணா, சத்தம் எனக்கு அப்பவே கேட்டுச்சுங்க. எப்பவும் போல உங்க தம்பி காரு கத்துதுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன்." அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? மூணு மாசமா புலி வருது புலி வருதுன்னு கத்துன வண்டி அது. தெருவே அதைக் கேட்டுக் கேட்டு மரத்துப் போயிருந்துச்சு. திருட்டைத் தடுக்க வெச்ச சைரன், நெசமா ஆபத்து வந்தப்ப பக்கத்து வீட்டுக்காரரைக் கூட எழுப்பலை.

சின்னம்மா வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் நானும் தம்பியும் ஒரு நாள் முழுக்க அந்தக் காரோட உட்கார்ந்தோம். நான் படிச்சது பன்னெண்டாவதுதான். ஆனா முப்பது வருசமா மோட்டார் ஸ்டார்ட்டரோட மல்லுக்கட்டுறவன். கையில மல்டிமீட்டர் இருக்குது. அதை வெச்சுப் பாத்ததை எழுதறேன், உங்க வண்டிக்கும் ஆகும்.

முதல்ல பேட்டரி. வண்டி ஆஃப்ல இருக்கும்போது மீட்டர் 12.1 வோல்ட் காட்டுச்சு. முழு சார்ஜ்னா 12.6க்குப் பக்கத்துல இருக்கணும். 12.1ன்னா பாதிதான் இருக்குதுன்னு அர்த்தம். இது ஏன் முக்கியம்னா, சார்ஜ் கம்மியா இருக்கற பேட்டரியில அலாரப் பொட்டிக்குப் புத்தி தடுமாறும். வோல்டேஜ் கீழ போனதும் அது செத்துப் பிழைக்கும், பிழைச்சதும் திரும்பக் கத்தும். சைரனும் லைட்டும் சேர்ந்து இருக்கற சார்ஜையும் உறிஞ்சிடும். அதனால பேட்டரியைக் கடையில குடுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுத்தான் மத்த வேலையைப் பாத்தோம். டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்துச்சு. ஆப்ப சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்தி, பழைய பல்லு பிரஷ்ஷுல தேச்சு, காய வெச்சு, வேசலின் தடவினோம். கிளாம்பைக் கையால ஆட்டிப் பாத்தா அசையக்கூடாது. கிளாம்பு லூசா இருந்தா வண்டி அதிரும்போதெல்லாம் கரண்ட் விட்டு விட்டு வரும். அலாரத்துக்கு அது கேபிளைக் கழட்டி மாட்டுற மாதிரியே தெரியும்.

கழட்டும்போது நெகடிவ் முதல்ல, மாட்டும்போது நெகடிவ் கடைசியில. இதை மாத்திப் பண்ணாதீங்க. பாசிடிவ்ல ஸ்பேனர் வெச்சுத் திருகும்போது அதோட மறுமுனை பாடி தகட்டுல பட்டா, நெகடிவ் மாட்டியிருந்துச்சுன்னா பெரிய தீப்பொறி பறக்கும். பேட்டரி மேல கேஸ் வேற இருக்கும். கையில வெள்ளிக்காப்பு போட்டிருக்கறவங்க கழட்டி வெச்சுட்டு வேலையைப் பாருங்க. இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும்போது மட்டும் கேபிளைக் கழட்டவே கூடாது. பழைய டிராக்டர்ல அப்படிப் பண்ணிப் பழக்கப்பட்டவங்க நம்மள்ல நிறையப் பேரு. காருல அப்படிச் செஞ்சா ஆல்டர்னேட்டர்ல இருந்து வோல்டேஜ் எகிறி எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் போயிடும்.

இன்னொரு எச்சரிக்கை. சில வண்டியில பேட்டரி மாட்டுனதும் கதவு தானாப் பூட்டிக்கும். சாவியை உள்ள வெச்சுட்டு பானெட் கிட்ட நின்னீங்கன்னா முடிஞ்சுது கதை. சாவி சட்டைப் பையில இருக்கணும், டிரைவர் பக்கத்து கண்ணாடி இறங்கியிருக்கணும். அப்புறம்தான் கேபிளைத் தொடணும்.

அடுத்தது பானெட் சுவிட்ச். இது நெறையப் பேருக்குத் தெரியாது. அலாரம் இருக்கற பல வண்டியில பானெட்டுக்கு அடியில கட்டைவிரல் தண்டி சின்ன சுவிட்ச் ஒண்ணு இருக்கும். பானெட்டைத் தொறந்தா அது மேல எழும்பி "யாரோ தொறக்கறான்"னு அலாரத்துக்குச் சொல்லும். நாம என்ன பண்றோம்? பானெட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டே பேட்டரியை மாட்டி, தொறந்து வெச்சுக்கிட்டே அலாரத்தை நிறுத்தப் பாக்கறோம். அது எப்படி நிக்கும்? கேபிளை மாட்டுனதும் பானெட்டை நல்லாச் சாத்திட்டு அப்புறம் ரிமோட்டையோ சாவியையோ பாக்கணும். தம்பி காருல அந்த சுவிட்ச் துருப்பிடிச்சு, ரப்பர் மூடி இல்லாம, பாதியிலயே நின்னுக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் போற ஒயரை எலி கடிச்சு உள்ள இருக்கற செம்பு தெரியுது. அந்த ஒயரு பாடித் தகட்டுல உரசினாலே போதும், பானெட் தொறந்திருக்குதுன்னு அலாரம் நினைச்சுக்கும். மூணு மாசம் ராத்திரி ராத்திரி தெருவையே எழுப்புன புலி இந்த எலிதான். தீவன மூட்டை பக்கத்துல காரை நிறுத்தாதீங்க. எலி தீவனத்துக்கு வரும், தின்னுட்டு பானெட்டுக்குள்ள படுக்கும். புது சுவிட்சும் ஒயரும் போட்டது நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

இதே மாதிரிதான் கதவுல இருக்கற சுவிட்சும், டிக்கி சுவிட்சும். உள்ள இருக்கற லைட்டு கதவைச் சாத்துன பிறகும் எரிஞ்சுக்கிட்டிருந்தா, அந்த சுவிட்ச்தான் சண்டித்தனம் பண்ணுதுன்னு புரிஞ்சுக்கலாம்.

அதிர்ச்சி சென்சார்னு ஒண்ணு, தீப்பெட்டி மாதிரி, டேஷ்போர்டுக்கு அடியில ஒட்டியிருந்துச்சு. அதுல ஒரு திருகு இருக்கும். அதைக் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருந்தாங்க. டவுனுல ஷோவுக்குக் காட்டறதுக்கு அது நல்லா இருக்கும், கையை வெச்சாலே கத்தும். நம்ம ஊருல மெசின் போனாலும் மாடு உரசினாலும் கத்தாம என்ன பண்ணும்? குறைச்சு வெச்சோம். கையால பலமாத் தட்டினா கத்துது, சும்மா உரசினா கத்தறதில்லை.

எல்லாத்தையும் விட முக்கியமானது இனிமேதான். ஸ்டீரிங்குக்குக் கீழ, ஃபியூஸ் பொட்டி மூடிக்குப் பின்னாடி, சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கறுப்பு பட்டன். தம்பி சின்னப் பையன் கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிச்சான். இதுக்குப் பேரு வேலட் சுவிட்ச். கடையில தனியா மாட்டற அலாரத்துல பெரும்பாலும் இது இருக்கும். ரிமோட்டு தொலைஞ்சாலோ செல்லு தீர்ந்தாலோ அலாரத்தை அடக்கறதுக்குன்னே வெச்சது. தம்பி வண்டியில, சாவியை ஆன் பண்ணி உடனே அந்தப் பட்டனை அமுக்கினா சைரன் நிக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகுது. வேற கம்பெனி அலாரத்துல ரெண்டு தடவை அமுக்கணும், இல்லை கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டிருக்கணும். அது அதுக்கு ஒரு முறை. ஆனா விசயம் ஒண்ணுதான்.

அந்தப் பட்டனை அமுக்கிப் பாத்துட்டு தம்பி ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு விரல் வேலைங்க. அதுக்காக அந்த ராத்திரி அவன் அம்மா திண்ணையில அப்படித் தவிச்சாங்க.

கம்பெனியிலயே அலாரம் வெச்சு வர்ற வண்டிக்கு வேற வழி. டிரைவர் கதவை ரிமோட்டுல இல்லாம சாவியாலயே ஒரு தடவை பூட்டித் தொறங்க. அப்பவும் கத்துனா பயப்படாம உள்ள உட்கார்ந்து, சாவியைப் போட்டு ஆன் பண்ணுங்க. சாவித் தலையில ஒரு சிப்பு இருக்கும், அதுக்கு செல்லு கிடையாது. ரிமோட்டு செத்திருந்தாலும் அந்தச் சிப்பை வண்டி படிச்சுக்கும், "இவன் சொந்தக்காரன்"னு அடங்கிடும். சில வண்டி பத்து நிமிசம் வரைக்கும் ஆன்லயே விட்டாத்தான் அடங்கும். பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ற புது வண்டின்னா, ரிமோட்டுக்குள்ளயே கதவு தொறக்க ஒரு இரும்புச் சாவி செருகியிருக்கும். ரிமோட்டு செல்லு தீர்ந்துட்டா, பெரும்பாலான வண்டியில ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டுன மாதிரி புடிச்சுக்கிட்டு அமுக்கினா எடுக்கும். இங்க ஒண்ணு கவனிங்க. பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து சாவி வெட்டறவர் கிட்ட மாத்துச்சாவி போட்டு வெச்சிருக்கறவங்க நிறையப் பேரு. அதுல சிப்பு இருக்காது. கதவு தொறக்கும், வண்டி எடுக்காது. டேஷ்போர்டுல சாவி படம் போட்ட லைட்டு மின்னிக்கிட்டே இருந்தா காரணம் அதுதான்.

சரி, இதெல்லாம் இல்லாம ஒயரை வெட்டி விட்டா என்ன, சத்தம் நின்னுடும் இல்லையான்னு எங்க டீக்கடையில ஒரு வாதம் ஓடுச்சு. நானும் அதுக்கு மதிப்புக் குடுத்து யோசிச்சுப் பாத்தேன். நம்ம ஊருக்கு அலாரம் எதுக்கு, நாய் இருக்குது, அக்கம்பக்கம் இருக்குதுன்னு சொல்றாங்க. அதுல பாதி நெசம். ஆனா ஒயரை வெட்டறது அலாரத்தை எடுக்கறது ஆகாது. கடையில அலாரம் மாட்டும்போது, செல்ஃபுக்குப் போற ஒயரையோ இக்னிஷன் ஒயரையோ நடுவுல வெட்டி, ஒரு ரிலே வெச்சு அது வழியா விடுவாங்க. திருடன் வந்தா ரிலே அந்த லைனைத் துண்டிச்சுடும். நீங்க பொட்டியோட ஒயரைக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டினா, சைரனும் நிக்கும், வண்டியும் நிக்கும். அப்புறம் ஒருத்தர் வந்து ரெண்டு ஒயரை முறுக்கி டேப்பு சுத்தி விடுவாரு. அதுல பெரிய கரண்ட் போகும். முறுக்கு லூசானா சூடேறும், டேப்பு உருகும். மோட்டார் ரூம்ல கேபிள் ஜாயிண்ட் கருகினதைப் பாத்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் ரூம்ல கருகினா கேபிள் போகும். காருக்குள்ள கருகினா உள்ள உட்கார்ந்திருக்கறது நம்ம குடும்பம்.

அலாரம் வேண்டாம்னா முறையா எடுங்க. ரிலேயை எடுத்துட்டு பழைய ஒயரை சால்டர் வெச்சு இணைச்சுக் குடுக்கச் சொல்லுங்க. அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னைக் கேட்டா, வெச்சுக்கலாம்னுதான் சொல்லுவேன். கிணத்துல இருந்து மோட்டார் கேபிளையே செம்புக்காக அறுத்துக்கிட்டுப் போற காலம் இது. வாசல்ல நிக்கற காரை விட்டு வெப்பானா? ஆனா தெரு நம்பற மாதிரி அது கத்தணும். காரணத்தோட கத்தற நாய்க்குத்தான் வீட்டுக்காரன் எழுந்திருப்பான்.

சைரனை நிறுத்தறேன்னு பேட்டரியைக் கழட்டறதும் எல்லா வண்டியிலயும் பலிக்காது. சில சைரனுக்குள்ளயே குட்டி பேட்டரி இருக்கும். கேபிளைக் கழட்டினா அதுல ஓடி இன்னும் கத்தும். அதுக்குன்னு சைரன் மேலயே ஒரு சின்னச் சாவி ஓட்டை இருக்கும்.

எனக்குக் கோபம் விக்கிறவங்க மேலதான். பூச்சி மருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போட்டு, உள்ள சீட்டுல தமிழ்லயும் எழுதி வெக்கறான். விதை பாக்கெட்டுல முளைப்பு எத்தனை சதம்னு எழுதறான். லட்சக்கணக்குல காசு வாங்கிட்டுக் குடுக்கற வண்டியில, ஒரு பட்டன் எங்க இருக்குதுன்னு சொல்ல வாய் வரலை. அந்த வியாபாரி கிட்ட நானே நேர்ல போய்க் கேட்டேன். "எங்களுக்கே தெரியாதுங்க, முன்னாடி ஓனர் போட்டது"ன்னாரு. தெரியாத சாமானை "பத்திரமான வண்டி"ன்னு எப்படிச் சொல்லி வித்தீங்கன்னு கேட்டதுக்கு டீ வரவழைச்சாரு. அலாரம் மாட்டற கடைக்காரங்களும் அப்படித்தான். இங்கிலீஷ்ல ஒரு சீட்டு குடுப்பாங்க, அதுவும் டேஷ்போர்டு பொட்டியிலயே கிடந்து கரையான் திங்கும்.

அதனால செகண்ட் ஹேண்டு வண்டி வாங்கப் போறவங்க, டயரைத் தட்டிப் பாக்கறதோட நிறுத்தாதீங்க. ரெண்டு சாவியும் கேட்டு வாங்குங்க. வண்டி திருட்டுப் போச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்களும் ரெண்டு சாவியைக் கேப்பாங்க. அலாரம் கம்பெனியிலயே வந்ததா, வெளிய மாட்டுனதான்னு கேளுங்க. வெளிய மாட்டுனதுன்னா வேலட் பட்டனைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க. அவங்க முன்னாடியே பேட்டரி நெகடிவைக் கழட்டி மாட்டி, ரிமோட்டு இல்லாம சத்தத்தை நிறுத்திக் காட்டச் சொல்லுங்க. முடியலைன்னா விலையில குறைங்க, இல்லை எழுந்து வாங்க. அஞ்சு நிமிச வேலை, சங்கோஜம் எதுக்கு?

ரிமோட்டு செல்லு சிலதுல காசு மாதிரி தட்டையா இருக்கும், சி.ஆர். 2032ன்னு மேல எழுதியிருக்கும். சிலதுல சுண்டுவிரல் நுனி தண்டி உருளையா 12 வோல்ட் 27ஏன்னு இருக்கும். வாட்ச் கடையில கிடைக்கும். உங்க ரிமோட்டைத் தொறந்து பாத்து ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருங்க.

தம்பி வீட்டுல இப்ப என்ன பண்ணியிருக்காங்கன்னா, என் பொண்ணு ஒரு அட்டையில பெரிய எழுத்துல எழுதிக் குடுத்து, அதை டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கற வெயில் மறைப்புல ஒட்டியிருக்காங்க. தம்பி வெளியூர் போயிருந்தாலும் அவன் சம்சாரமோ, குட்டியானைக்காரரோ எடுக்கணும் இல்லீங்களா. அதுல எழுதியிருக்கறது இவ்வளவுதான்: "சாவி பையில இருக்கட்டும். கண்ணாடியை இறக்கு. நெகடிவ் கடைசியா மாட்டு. பானெட்டைச் சாத்து. சாவியை ஆன் பண்ணு. ஃபியூஸ் மூடிக்குப் பின்னாடி கறுப்பு பட்டனை அமுக்கு. ஸ்டார்ட் பண்ணு."

சின்னம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்களையும் முன் சீட்டுல உட்கார வெச்சு அந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு கையைப் புடிச்சுக் காட்டியாச்சு.